நீல மைக் கட்டங்கள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நல்லா இருக்கேன். நீயும் மாமாவும் சௌக்கியமா? மாமாவோட முழங்கால் வலி குறைஞ்சிருக்கா? ஊரையே லிஃப்ட்ல மேலே ஏத்திவிடுற மெக்கானிக், தன் வீட்டு மாடிப்படி ஏற முனகுறார்னு நீ சொன்னது ஞாபகம் வந்து பஸ்ஸுல தனியா சிரிச்சேன். பக்கத்து சீட்டுக்காரம்மா கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிட்டாங்க.

சிட்டுவை உன்கிட்ட விட்டுட்டு வந்து இன்னையோட பன்னிரண்டு நாள். போன்ல பேச வேண்டாம்னு நீ சொன்னது சரிதான். அன்னைக்குப் பேசினப்போ அவ அழுது, நான் அழுது, அப்புறம் ரெண்டு நாள் அவ சரியா சாப்பிடலைன்னு சொன்னே. கடிதம்னா அந்தத் தொல்லை இல்லை. நீ அவளுக்குப் படிச்சுக் காட்டலாம். வேண்டாத இடத்தைத் தாண்டிடலாம்.

சலவை ஷெட்டுல துவைக்கிற மெஷின் ரெண்டும் மாட்டியாச்சு. நீராவிக் கொப்பரை ஒண்ணு, இஸ்திரி மேஜை ஒண்ணு. பிரசவ ஆஸ்பத்திரி ஒண்ணு துணி கொடுக்குது. விடிகாலை அழுக்கு மூட்டை வந்தா, மறுநாள் காலை ஏழு மணிக்குள்ள மடிச்சுக் கொண்டுபோய்க் கொடுக்கணும். ஏழு பத்துன்னா வாங்க மாட்டாங்க. இஸ்திரி போட ஒரு அக்கா இருக்காங்க. வேனுக்கு ஒரு டிரைவர், வாயைத் திறந்தா மூட மாட்டார்.

செவ்வாய்க்கிழமை தோறும், புதுசா தொழில் தொடங்குறவங்களுக்கு ஒரு வகுப்பு நடக்குது. அங்கே ஒரு பயிற்சியாளர், நாளை அரைமணி அரைமணியா கட்டம் போடச் சொன்னார். வேலைக்குச் சிவப்பு மை, நம்ம உடம்புக்குப் பச்சை, குடும்பத்துக்கு நீலம். தாள்ல கட்டம் இல்லாதது நாள்ல இருக்காதுங்கிறார். எனக்கு அது பிடிச்சிருக்கு அக்கா. சிட்டுவோட அப்பா வேற வாழ்க்கை தேடிப் போனதிலிருந்து ஒன்றரை வருஷமா, எந்த நாள் எங்கே போச்சுன்னே தெரியாம இருந்தேன். இப்போ நாலரைக்கு எந்திரிக்கிறேன். குளிக்கப் பன்னிரண்டு நிமிஷம். அஞ்சுக்கு முதல் மெஷின். ஞாயித்துக்கிழமை நாலுலேர்ந்து அஞ்சு நீலக் கட்டம், உங்களுக்குக் கடிதம் எழுத.

ஆறு மாசம் கொடு. அரைப்பரீட்சை லீவுல வந்து கூட்டிட்டுப் போயிடறேன். அவளுக்குப் பால்ல ஆடை இருக்கக் கூடாது. தூங்குறப்போ போர்வை நுனி விரல்ல சுத்திக்கிட்டுத்தான் தூங்குவா. பிடுங்காதே.

உன் தங்கை


ஜூன் 16

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே மூணு பேரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடறியா? கேக்குறதுக்குக் காரணம் இருக்கு. நீ எழுதி அனுப்பின கட்டத்தை மாமாகிட்ட காட்டினேன். மேலேர்ந்து கீழே வரை ரெண்டு தடவை படிச்சுட்டு, "எல்லாம் சரி, உன் தங்கச்சி மத்தியானம் சாப்பிடுறது எந்தக் கட்டத்துல?" அப்படிங்கிறார். நானும் தேடினேன். இல்லை. பன்னிரண்டு நிமிஷக் குளியல்ல சோப்புப் போட எத்தனை, கழுவ எத்தனைன்னும் கேக்கச் சொன்னார்.

சிட்டு இப்போ சாப்பிடறா. முதல் வாரம் ஜன்னல்கிட்டயே நின்னா. இப்போ பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதி கிடைச்சாச்சு. அவ பேரு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு, அத்தனை தடவை சொல்றா. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடுது. கண்ணாடிக் கடையில நான் மூணரைக்கே கிளம்பிக்கிறேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். "யாராவது கண்ணு டெஸ்ட் பண்ண நாலு மணிக்கு வந்தா?" அப்படின்னார். இத்தனை நாள் பார்க்காம இருந்தவங்க இன்னும் பதினெட்டு மணி நேரம் பார்க்காம இருக்கட்டும்னேன். சிரிச்சுட்டு விட்டுட்டார்.

பதினொரு வருஷமா இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர். சாயந்திரம் ஆனா நான் ஒரு மூலை, அவர் ஒரு மூலை, நடுவுல டிவி. இப்போ வீடு முழுக்கக் கலர் பென்சில் சீவின தூள். மாமா கால்ல குத்துச்சுன்னு கத்தினார். அப்புறம் அவரே உக்காந்து மிச்சப் பென்சிலையும் சீவிக் கொடுத்தார்.

அம்மா எப்ப வருவான்னு கேட்டா. வருவான்னு சொல்லியிருக்கேன். உடம்பைப் பார்த்துக்கோ.

அன்புடன்,
அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். பதில் எழுத ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு, கோவிச்சுக்காதே. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உக்காந்தா, வேன் டிரைவர் வந்து மூட்டை குறையுதும்பார். இல்லைன்னா மெஷின் நடுவுல நின்னுடும்.

நல்ல சேதி. ஒரு ஓட்டல்ல பேசி முடிச்சிருக்கேன். நாற்பது அறை. படுக்கை விரிப்பு, துண்டு, மேஜைத் துணி எல்லாம் நம்மகிட்ட வரும். ஆகஸ்ட் நடுவுல ஆரம்பம். வகுப்புல பயிற்சியாளர் என் தாளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். இவங்களை மாதிரி நாளை ஆளக் கத்துக்கணும்னு சொன்னார். எனக்கு வெக்கமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. என்னை ஒருத்தர் பாராட்டி எவ்வளவோ நாளாச்சு.

சிட்டு படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னு இதைப் பெரிய எழுத்துல எழுதறேன்: ஆகஸ்ட் 12, உன் பிறந்தநாளுக்கு அம்மா வரேன். அஞ்சு மணி பஸ்.

நீல மையால அந்த நாள் முழுக்கப் பெரிய கட்டமா போட்டாச்சு அக்கா. யாரும் அழிக்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் கட்டம் போட்டுட்டேன்னு மாமாகிட்ட சொல்லு.

உன் தங்கை


ஆகஸ்ட் 16

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்க நலம். நீ நலமா?

வர முடியலைன்னு மாமா போனுக்கு நீ அனுப்பின சேதி மத்தியானம் வந்துச்சு. காரணம் எழுதலை. என்னவோ ஏதோன்னு இருக்கு, உடனே எழுது.

சிட்டுகிட்ட உடனே சொல்ல எனக்கு வாய் வரலை. காலையிலேயே புது கவுன் போட்டுக்கிட்டா. அஞ்சு மணி பஸ் வந்தப்புறம் கேக் வெட்டலாம்னு சொல்லிட்டா. அஞ்சு மணி பஸ் வந்துச்சு. அப்புறம் ஏழு மணி பஸ் ஒண்ணு இருக்குல்லன்னு அவளே சொன்னா. மாமா அவளை நிறுத்தத்துக்குக் கூட்டிட்டுப் போனார். ஏழு மணி பஸ்ல இறங்கினது ஆறு பேர். திரும்பி வந்து அவதான் சொன்னா. எண்ணியிருக்கா.

அழலை. கேக்கை நேரா வெட்டினா. எல்லாருக்கும் கொடுத்தா.

அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒண்ணும் ஆகலை, பயப்படாதே. மாமாவும் பயந்திருப்பார், மன்னிச்சுக்கச் சொல்லு.

அன்னைக்கு விடிகாலை பையைக் கட்டி வாசல்ல வச்சுட்டேன். டிக்கெட் கையில. பஸ் கிளம்ப நாற்பது நிமிஷம். அப்போ நீராவிக் குழாய்ல ஒரு மூட்டு கழண்டு, இஸ்திரி அக்காவோட வலது கை முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. அவங்க கத்தக்கூட இல்லை. "கையைப் பாரு, கையைப் பாரு"ன்னு மெதுவா சொல்லிக்கிட்டே இருந்தாங்க, யாரோட கையையோ காட்டுற மாதிரி. அவங்களுக்குன்னு யாரும் இல்லை. நான்தான் கூட்டிட்டுப் போனேன், மத்தியானம் வரைக்கும் வார்டு வாசல்ல நின்னேன். குழாயை வாரா வாரம் பார்க்கணும்னு கட்டம் போட்டிருந்தேன். அந்த வாரம் ஓட்டல் வேலைக்காக அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருந்தேன். இதை யார்கிட்டயும் சொல்லலை, உன்கிட்டதான் சொல்றேன்.

மறுநாள் கிளம்பி வந்திருக்கலாமேன்னு நீ கேக்கலை. மறுநாள் ஓட்டலுக்கு முதல் டெலிவரி. இஸ்திரிக்கு ஆள் இல்லை. நானே போட்டேன். நான் இல்லாம இங்கே ஒரு துண்டுகூட மடியாது அக்கா.

சிட்டு ஆறு பேர்னு எண்ணின இடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அவகிட்ட என்ன சொல்லணுமோ நீயே சொல்லு. அக்டோபர்ல நிச்சயம் வரேன். தேதி பார்த்து எழுதறேன்.

உன் தங்கை


அக்டோபர் 10

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லாரும் சுகம். அந்த இஸ்திரி அம்மாவோட கை எப்படி இருக்கு? மாமா தினமும் கேக்குறார்.

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆச்சு. உடனே எழுதாதது கோபத்தால இல்லை. இங்கேயும் நாள் ஓடுது. சிட்டுவுக்கு முன்பல் ரெண்டு விழுந்துடுச்சு. "ச" வர்ற வார்த்தை எல்லாம் காத்தாப் போகுது, தன் பேரையே சொல்ல முடியலை. கதைப் புத்தகம் தானே படிக்கிறா. தெரியாத வார்த்தை வந்தா நிறுத்தாம, தோணினதைப் போட்டுப் படிச்சுட்டுப் போயிடறா. கதை சில நேரம் இன்னும் நல்லாவே இருக்கு.

பள்ளிக்கூடத்துல ஒரு படிவம் கொடுத்தாங்க. பொறுப்பாளர் பேர் கேட்டிருந்துச்சு. என் பேரை எழுதிக் கொடுத்துட்டேன். அவசரத்துக்குக் கூப்பிட வசதியா இருக்கும்னு தான்.

ஒண்ணு சொல்லணும். இனிமே வரேன்னு தேதி எழுதாதே. நான் அதைப் படிச்சுக் காட்ட மாட்டேன். வர முடிஞ்சா, எழுதாம வந்து நில்லு. அது போதும்.

சாப்பிடு. தூங்கு.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அக்டோபர் முழுக்க இங்கேர்ந்து நகர முடியலை. ஓட்டல் வேலை பழகிடுச்சு. இஸ்திரி அக்கா வேலைக்கு வந்துட்டாங்க, விரல் மடங்குது. மூணாவது மெஷின் வாங்கியாச்சு. புதுசா ஒரு பல் ஆஸ்பத்திரியும் துணி கொடுக்கப் போகுது. ஞாயித்துக்கிழமையும் இப்போ மெஷின் ஓடுது.

யோசிச்சுப் பார்த்தேன். வருஷ நடுவுல பள்ளிக்கூடம் மாத்துறது நல்லது இல்லை. சிட்டு இந்த வருஷம் பூரா உன்கிட்டயே படிக்கட்டும். அதுக்கு அப்புறமும் எப்படித் தோதோ அப்படிப் பார்த்துக்கலாம். அவ அங்கே நல்லா இருக்கா.

ஒரு கவுனும் கம்பளிச் சட்டையும் பார்சல்ல அனுப்பியிருக்கேன்.

உன் தங்கை


நவம்பர் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே சுகம். பார்சல் வந்துச்சு. கம்பளிச் சட்டை ரொம்ப அழகு. ஆனா பத்தலை. தலை நுழையுது, கை நுழைய மாட்டேங்குது. மே மாசத்துக்கு அப்புறம் வளர்ந்துட்டா. அதை அவ சிநேகிதியோட தங்கச்சிக்குக் கொடுத்துட்டோம். கவுனைப் பிரிச்சுத் தைச்சுப் போட்டிருக்கா.

சிட்டு இந்த வருஷம் இங்கேயே இருக்கட்டும்னு எழுதியிருந்தே. சரி. உனக்கு அதுதான் நல்லதுன்னு பட்டா, எங்களுக்கும் சம்மதம்.

மழை அதிகம். ஜாக்கிரதை.

அக்கா


பிப்ரவரி 3

என் சின்னவளுக்கு,

நீ எப்படி இருக்கே? ரெண்டு மாசத்துக்கு மேல நான் எழுதலை, நீயும் எழுதலை. ரெண்டு பேருக்கும் ஏன்னு தெரியும்.

முதல்ல சிட்டு நல்லா இருக்கா. இதைப் படிச்சுட்டு மேலே படி. ஜனவரியில அவளுக்கு நுரையீரல்ல சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. உனக்குச் சொல்லலை. மாமா தினம் சண்டை போட்டார், "பெத்தவளுக்குச் சொல்லாம இருக்க நாம யாரு?"ன்னு. அவர் போனை எடுத்தப்போ நான் பிடுங்கி வச்சேன். ஆஸ்பத்திரிப் படிவத்துலயும் என் பேர்தான் இருந்துச்சு. டாக்டர் என்னைத்தான் அம்மான்னு கூப்பிட்டார். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. பிள்ளை மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கிறப்போ எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அந்த லட்சணத்துல இருந்தேன்.

நாலாம் நாள் காய்ச்சல் உச்சத்துல "ம்மா"ன்னா. இதோ இருக்கேன்டா கண்ணுன்னு கையைப் பிடிச்சேன். கண்ணைத் திறந்து என்னை நல்லாப் பார்த்தா. "நீ இல்லை"ன்னா. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டா.

இப்போ இன்னொண்ணு. அக்டோபர் இருபத்திநாலு, சாயந்திரம் நாலு மணி. பள்ளிக்கூடத்து எதிர்ல ஜூஸ் கடை ஓரமா, பச்சைக் குடையைப் பிடிச்சுக்கிட்டு, பையோட நின்னது நீதான். நான் பார்த்தேன். நான் சொன்ன மாதிரியே எழுதாம வந்து நின்னே. அந்த நேரம்தான் சிட்டு கேட்டைத் தாண்டி "ம்மா"ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கிட்டா. ஜூலையிலேயே அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டா. முதல்ல பெரியம்மான்னுதான். ஓடி வர்ற வேகத்துல முன்பாதி தேய்ஞ்சு போச்சு. நான் திருத்தியிருக்கணும். ஒரு நாளும் திருத்தலை. உனக்கும் எழுதலை.

ஒரு குரல் கொடுத்திருந்தா போதும். உன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம் அவளோட முகத்தை என் பக்கம் திருப்பி, ஷூ லேஸ் அவுந்திருக்குன்னு சொல்லி, பின் சந்து வழியா கூட்டிட்டுப் போயிட்டேன். லேஸ் நல்லாத்தான் கட்டியிருந்துச்சு. வீட்டுக்கு வந்து, நீ கதவைத் தட்டுவேன்னு காத்திருந்தேன். தட்டிடக் கூடாதுன்னும் இருந்துச்சு.

அக்டோபர்ல நகரவே முடியலைன்னு நீ எழுதினதைப் படிச்சப்போ, நீ எனக்காகத்தான் பொய் சொல்றேன்னு புரிஞ்சுச்சு. அந்தப் பொய்யை எடுத்து வச்சுக்கிட்டேன், எனக்கு வசதியா இருந்ததால.

வா. வந்து உன் பிள்ளையைப் பாரு. என்னைத் திட்டணும்னா திட்டு, ஆனா வா.

உன் அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

சிட்டு மூச்சு சரியா விடறாளா? இன்னும் இருமல் இருக்கா? இதை மட்டும்தான் முதல்ல கேக்கத் தோணுது.

உன் கடிதத்தை நின்னுக்கிட்டே படிச்சேன். மெஷின் சத்தத்துல என் சத்தம் யாருக்கும் கேக்கலை. இஸ்திரி அக்கா மட்டும் பார்த்துட்டு வந்து, அந்தத் தழும்பேறின கையால என் முதுகைத் தடவிக் கொடுத்தாங்க.

நீ என்னைப் பார்த்தேன்னு எனக்கும் தெரியும். நீ முகத்தைத் திருப்பினப்போ நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஆனா எல்லாத்தையும் உன்மேல ஏத்திக்காதே. நான் ஓடி வந்து கூப்பிட்டிருக்கலாம். ரோடு பத்து அடி அகலம். உன் வீடு எனக்குத் தெரியாத வீடா?

நான் உனக்குச் சொல்லாத ஒண்ணு இருக்கு. அவ உன்னைக் கட்டிக்கிட்டதைப் பார்த்ததும் வலிச்சுச்சு, நிஜம். ஆறு மணி பஸ்ல ஏறி உக்காந்தேன். பஸ் ஊரைத் தாண்டினப்போ என்ன நினைச்சேன் தெரியுமா? நாளைக்கு ஏழு மணி டெலிவரிக்கு நேரத்துக்குப் போயிடலாம்னு நினைச்சேன். ஒரு மூலையில மனசு லேசாக்கூட ஆச்சு. இனிமே யாரும் ஜன்னல்ல நின்னு எனக்காகக் காத்திருக்கலை, என் நாள் முழுக்க என் கையிலன்னு. உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன் அக்கா. அந்த நிமிஷத்துக்கு என்னை மன்னிக்கத்தான் வழி தெரியலை. அதனாலதான் நவம்பர்ல அப்படி எழுதினேன். உனக்காகச் சொன்ன பொய் இல்லை அது.

இந்தத் தடவை நீ சொன்னதை மீறித் தேதி எழுதறேன். சனிக்கிழமை வரேன். நாலு நாள் இருப்பேன். ஆனா சிட்டுகிட்ட சொல்லாதே.

உன் தங்கை


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் சுகம். நீயும் மாமாவும் எப்படி இருக்கீங்க? பிப்ரவரியில பேசி வச்ச மாதிரியே, பரீட்சை முடிஞ்சு சிட்டுவை இங்கே கூட்டிட்டு வந்தப்போ, பஸ் நகர்ற வரைக்கும் நீ சிரிச்ச முகமா நின்னே. மாமா மட்டும் டயரையே பார்த்துக்கிட்டு நின்னார். அது கண்ணை விட்டுப் போகலை.

பிப்ரவரியில நான் அங்கே நாலு நாள் இருந்துட்டுத் திரும்பி வந்தப்போ, இங்கே என்ன நடந்திருந்துச்சுன்னு உனக்குச் சொல்லலை. பதறிக்கிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். எல்லாம் நேரத்துக்குப் போயிருக்கு. இஸ்திரி அக்கா நின்னு வேலை வாங்கியிருக்காங்க. வேன் டிரைவர் ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போய், ஆஸ்பத்திரி வாசல்ல வாட்ச்மேனுக்குக் கதை சொல்லிக்கிட்டு இருந்தாராம். ஒரே ஒரு துண்டு மூட்டை மாறிப் போயிருக்கு, அதையும் அவங்களே போய் மாத்திட்டாங்க. கேட்டதும் சந்தோஷப்படணும் இல்லையா? நான் மூட்டை மேலயே உக்காந்துட்டேன். அப்படின்னா ஆகஸ்ட் பதிமூணாம் தேதியே வந்திருக்கலாம். செப்டம்பர்ல வந்திருக்கலாம். வாரா வாரம் கூட வந்திருக்கலாம். யாரும் என்னைப் பிடிச்சு வைக்கலை.

ஓட்டல் துணியை வேற ஒருத்தருக்கு விட்டுக் கொடுத்துட்டேன். காலைப் பொறுப்பு இஸ்திரி அக்காவோடது. சாவியும் அவங்ககிட்டதான். பயிற்சியாளர் வழியில பார்த்து, வளர்ற நேரத்துல ஏன் சுருக்கிக்கிட்டீங்கன்னு கேட்டார். பதில் சொல்ல ஆரம்பிச்சேன். ரொம்ப நீளமா இருக்கும்னு பட்டுச்சு, விட்டுட்டேன்.

சிட்டு வந்த முதல் ரெண்டு வாரம் ரொம்ப நல்ல பிள்ளையா இருந்தா. தண்ணி குடிக்கட்டுமான்னு கேட்டுத்தான் குடிப்பா. லைட்டைப் போடட்டுமான்னு கேப்பா. பாலைக் கொடுத்தா தேங்க்ஸ்ங்கிறா. ஆடை இருந்தாலும் அப்படியே குடிச்சுடறா. என்னை "நீங்க"ன்னு கூப்பிட்டா, ஒரு தடவை.

போன வியாழக்கிழமை காலையில அவளுக்குத் தலை வாரிக்கிட்டு இருந்தேன். வேன் டிரைவர் வந்து ஏதோ கேட்டார். ஒரு நிமிஷம்னு சீப்பை வச்சுட்டு எழுந்தேன். அவ்வளவுதான். சீப்பைத் தூக்கி எறிஞ்சா. "நீ ஏன் வரலை? ஏழு மணி பஸ்லயும் ஏன் வரலை?"ன்னு ரெண்டு கையாலயும் என் வயித்துல குத்தினா. கடிச்சா. புது கவுனை எதுக்குப் போட்டேன்னு கேட்டு அழுதா. டிரைவர், வாழ்க்கையிலேயே முதல் தடவையா, ஒண்ணும் பேசாம வெளியே போய்க் கதவைச் சாத்தினார். நான் தரையில உக்காந்தேன். அடிக்கட்டும்னு இருந்தேன். "வந்திருக்கணும்டா"ன்னு மட்டும் சொன்னேன். அவ அடிச்சு ஓய்ஞ்சு, என் மடியிலேயே தூங்கிட்டா. பத்து மணி ஆயிடுச்சு. எழுந்திருக்கலை.

உன்கிட்ட நான் கேக்கக் கூடாது, ஆனா கேக்குறேன். லீவுக்கு அவளை அனுப்பவா?

உன் தங்கை


ஏப்ரல் 21

அன்புள்ள சின்னவளுக்கு,

ரெண்டு பேரும் சுகமா இருங்க. நாங்க இருக்கோம். மாமாவுக்கு முழங்காலுக்குப் புது மாத்திரை கொடுத்திருக்காங்க.

உன் கடிதத்தை நான் மூணு நாள் பையிலேயே வச்சிருந்து, அப்புறம்தான் மாமாகிட்ட கொடுத்தேன். அவ உன்னைக் குத்தினான்னு படிச்ச இடத்துல எனக்கு என்ன தோணுச்சுன்னு எழுதணும். வேற யார்கிட்ட சொல்வேன்?

பத்து மாசத்துல சிட்டு என்மேல ஒரு தடவைகூடக் கோபப்படலை. ஒரு பொருளைத் தூக்கி எறிஞ்சது இல்லை, சோறு வேண்டாம்னு முகத்தைத் திருப்பினது இல்லை. பிறந்தநாள் அன்னைக்குக் கேக்கை எல்லாருக்கும் கொடுத்தாளே, அப்பவும் அழலை. எங்க பிள்ளை எவ்வளவு சமத்துன்னு கண்ணாடிக் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். என் வளர்ப்புன்னு பெருமை வேற. இப்போதான் புரியுது. நாங்களும் அனுப்பிடுவோமோன்னு பயந்து, பத்து மாசமும் நல்ல பிள்ளையா இருந்திருக்கா. அவளுக்கு அடிக்கிறதுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு. அது நான் இல்லை.

லீவுக்கு இந்த வருஷம் அனுப்பாதே. அவ இன்னும் உன்கிட்ட நிறைய சண்டை போட வேண்டியிருக்கு. நடுவுல இங்கே வந்தா மறுபடி சமத்தா ஆயிடுவா. அடுத்த வருஷம் நீங்க ரெண்டு பேருமா வாங்க. அவ கேட்டா, பெரியம்மாவுக்குக் கடையில வேலை அதிகம்னு சொல்லு. பொய்தான். முதலாளிகிட்ட, இனிமே மூணரைக்குக் கிளம்ப மாட்டேன்னு சொல்லிட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவளுக்கு இருமல் வந்தா ரெண்டாம் நாளே டாக்டர்கிட்ட காட்டு. நெஞ்சு நனையாம பார்த்துக்கோ.

கடையில இருந்தாலும் நாலு மணி ஆனா நான் எழுந்து நின்னுடறேன். முந்தாநாள் அப்படியே தெருமுனை வரைக்கும் நடந்துட்டேன். மாமா வேலை முடிஞ்சு எதிர்ல வந்தார். கையைப் பிடிச்சு, பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாம, மார்க்கெட் வழியா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தார். அந்த வழி கொஞ்சம் சுத்துதான். ரெண்டு பேரும் மெதுவாத்தான் நடந்தோம்.

உன் அக்கா